மேஜரின் கயிறு

செவெரினு பாக்குமரம் ஏறுகிறவன். எங்கள் மலையூரில் அவனைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தோம். காலில் நார் வளையத்தை மாட்டிக்கொண்டு ஒரு மரத்தில் ஏறுவான். குலையை வெட்டி முதுகில் கட்டிக்கொண்டு, உச்சியில் இருந்தபடியே மரத்தை ஆட்டி அடுத்த மரத்துக்குத் தாவிவிடுவான். தரைக்கு வந்துவிட்டால் மட்டும் அவனுக்கு எல்லாமே பயம். நாயைக் கண்டால் பயம், இடியைக் கேட்டால் பயம், பாதிரியாரைக் கண்டால் பயம், என்னைக் கண்டால் பயம். கடைசிப் பயத்துக்கு மட்டும்தான் காரணம் உண்டு.

அப்பா இல்லாத பிள்ளை. அம்மா வாய் திறக்காதவள். யார் கூப்பிட்டாலும் போவான், யார் எதைச் சொன்னாலும் செய்வான். "செவெரினு, பாக்கு!" என்று நான் வாசலில் நின்று கத்தினால், சாப்பிட்டுக்கொண்டிருந்த சோளக் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவான். எனக்குப் பாக்கு இல்லாமல் ஒரு பொழுது ஓடாது. பாக்கு வாயில் இல்லாவிட்டால் பேச்சு வராது. இருந்தால் நல்ல பேச்சு வராது என்று பக்கத்து வீட்டு தொமாசியா சொல்வாள். அவளும் விதவைதான். ஆனால் வாயை மூடிக்கொண்டு புருஷனைப் பறிகொடுத்தவள் என்று அவளுக்கு ஊரில் தனி மரியாதை.

என் கதை வேறு. எனக்கு மார்சால் என்று ஒரு புருஷன். அவருக்கு மேஜர் என்று ஒரு சண்டைச் சேவல். எங்கள் வீட்டில் யாருக்கு யார் முக்கியம் என்பதில் எனக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை. நான் மூன்றாவது. மேஜரின் காலில் கட்டுவதற்காக, நான் தறியில் நெய்துகொண்டிருந்த துணியிலிருந்தே சிவப்பு நைலான் நூலை உருவி, முறுக்கிக் கயிறாக்கினார் மனுஷன். நான் போட்ட கூச்சல் கீழே ஆற்றங்கரை வரைக்கும் கேட்டதாம். அந்தத் துணியில் சிவப்புப் பட்டை வரவேண்டிய இடம் இன்றைக்கும் வெறும் வெள்ளையாகக் கிடக்கிறது.

பிறகு ஓட்டுப் போட்ட வருஷம் வந்தது. இந்தோனேசியக்காரனோடு இருப்பதா, தனி நாடாவதா என்று கேட்டார்கள். நாங்கள் போட்ட ஓட்டு அவனுக்குப் பிடிக்கவில்லை. போகிற போக்கில் எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் போகச் சொல்லி எங்கள் ஆட்களையே துணைப்படையாகத் திரட்டியிருந்தான். தலையில் அவன் கொடி நிறத்தில் சிவப்பு வெள்ளைத் துணி கட்டியவர்கள் வீடு வீடாக வந்து பையன்களைக் கூப்பிட்டார்கள். செவெரினுவையும் கூப்பிட்டார்கள். சட்டென்று ஏறிக்கொள்ளப் பக்கத்தில் மரம் எதுவும் இல்லைபோலும். போய்விட்டான்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் சோளம் வேகவைத்துக்கொண்டிருந்தேன். காப்பிக்கொட்டை காயப்போடும் கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். தீப்பெட்டி செவெரினுவின் கையில்தான் இருந்தது. இரண்டு குச்சியை வீணாக்கினான். ஒருவன் மேஜரைத் தூக்கினான். மார்சால் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. அவர்கள் இழுக்க, இவரும் கூடவே நடந்தார்.

"விட்டுத் தொலைங்களேன்! சேவல்தானே!" என்று கத்தினேன்.

"மேஜரைக் கூட்டிட்டு வந்துடறேன். சோளம் ஆறிடும், மூடி வை" என்றார்.

மூடி வைத்தேன். அவர் வரவில்லை.

மறுவாரமே துணைப்படை எல்லை தாண்டி இந்தோனேசியப் பக்கம் ஓடியது. செவெரினுவும் தாயை இழுத்துக்கொண்டு கூடவே ஓடினான். மார்சாலை எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா என்பதே யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் வழக்கத்தில் புருஷன் செத்தால் கறுப்பு உடுத்த வேண்டும். வருஷம் திரும்பியதும் கல்லறையில் பூ வைத்து, விருந்து போட்டு, கறுப்பைக் கழற்றுவார்கள். கல்லறை இல்லாதவள் எங்கே போய்க் கழற்றுவது? ஊர்ப்பெரியவர் மவு லெட்டு, பழைய சொல்லையும் வழக்கையும் மனசில் வைத்திருக்கிறவர், ஒரு யோசனை சொன்னார். ஆற்றிலிருந்து ஒரு கல் எடுத்துவந்து மார்சால் என்று பெயரிட்டுப் புதைத்துவிடலாமாம்.

"நான் கல்லோடயா குடும்பம் நடத்தினேன்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் யோசிச்சுப் பாரு பென்விந்தா. கல்லாவது பதில் பேசாது" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. புருஷனுக்குக் கல்லறை இருந்ததால் தொமாசியா கறுப்பைக் கழற்றி, மஞ்சள் கட்டி, கொஞ்சம் பெருத்தும் போய்விட்டாள். நான் மட்டும் வெயிலில் கறுப்பு சுற்றிக்கொண்டு வேர்த்துக் கிடந்தேன். அதோடு நல்ல பாக்கும் இல்லை. செவெரினு போனபின் எங்கள் மரங்களில் ஏற ஆளில்லை. தலைநகர் டிலியின் சந்தையிலிருந்து வரும் காய்ந்த பாக்கு செருப்புத் தோல் மாதிரி இருக்கும். எனக்கு மிச்சமிருந்த பல்லில் ஒன்று அதோடு போயிற்று. உண்மையைச் சொல்கிறேன். அந்த வருஷங்களில் நான் செவெரினுவைச் சபித்ததில் பாதி கொட்டகைக்காக, பாதி பாக்குக்காக.

இப்படி இருக்கும்போது செவெரினு திரும்பி வந்துவிட்டான் என்று சேதி வந்தது. அகதி முகாமில் அம்மா செத்துவிட்டாளாம். ஆற்றங்கரையில் சித்தி வீட்டில் ஒளிந்திருக்கிறானாம். மேலே ஊருக்கு ஏறிவரத் தைரியமில்லையாம். தனி நாடான பின் சமரசம் பேச வைத்த கமிஷனிடம் போய், "எனக்குப் பாய் விரிங்க" என்று கேட்டிருக்கிறானாம்.

பாய் விரிப்பது எங்கள் பழைய முறை. ஊர் நடுவில் பெரிய பாயை விரித்துச் சண்டைக்காரர்களை உட்கார வைத்தால், விஷயம் தீரும்வரை அதைச் சுருட்டக் கூடாது. உட்கார்ந்தவர் எழவும் கூடாது. எழுந்தால் முன்னோருக்குக் கோபம் வரும். புது நாட்டுக் கமிஷன் இந்த முறையையே எடுத்துக்கொண்டு, அதற்கு மேலே ஒரு சட்டத்தையும் போட்டிருந்தது.

அந்தச் சட்டத்தைச் சொல்ல மாவட்டத்திலிருந்து ஹெர்மினியா என்ற அதிகாரி ஜீப்பில் வந்தாள். சின்ன வயசு, பெரிய கண்ணாடி.

"வீட்டை எரிச்சது, அடிச்சது, திருடினது, இதெல்லாம் பாயில பேசித் தீக்கலாம்" என்றாள். "கொலைன்னு வந்துட்டா பாய் கிடையாது. அது டிலி கோர்ட்டுக்குப் போகும்."

அன்று சாயங்காலமே மவு லெட்டு என் வீட்டுக்கு வந்தார்.

"நாளன்னிக்குப் பாயில மார்சால் பேரை எடுக்காதே" என்றார்.

"ஏன்? மார்சால் யாரு, உங்க வீட்டுப் பன்னியா?"

"கோவப்படாதே. நீ அந்தப் பேரை எடுத்தா அந்தப் பொண்ணு பாயை நிறுத்தியே ஆகணும். பையனை டிலிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. பயந்தவன். அங்கே வாயே திறக்க மாட்டான். அப்புறம் உனக்கு எலும்பும் கிடைக்காது, பதிலும் கிடைக்காது."

"அப்ப நான் எதுக்குப் பாயில உக்காரணும்? கொட்டகை எரிஞ்ச கதை கேக்கவா?"

"முதல்ல அவன் ஊருக்குள்ள வரட்டும். ஊருக்குள்ள இருக்கிறவன் ஒருநாள் சொல்லுவான்."

"அந்த ஒருநாள் வரும்போது எனக்கும் கல்லுதான் வைப்பீங்க."

ஆனாலும் ஒத்துக்கொண்டேன். மார்சால் பெயரை எடுப்பதில்லை என்று சத்தியம் செய்தேன். என்னைத் தெரிந்தவர் யாரும் அந்தச் சத்தியத்தை நம்பியிருக்க மாட்டார்கள்.

பாய் விரித்த அன்று ஊரே கூடியது. மவு லெட்டு வெள்ளிப் பிடி வைத்த கத்தியை நடுவில் வைத்து முன்னோரைக் கூப்பிட்டார். பாதிரியார் தன் பங்குக்கு ஜெபம் செய்தார். அழுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்ள ஹெர்மினியா ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தாள். அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். எனக்கு அழுகை வரவில்லை. வெற்றிலை எச்சில் வந்தது. அதில் துப்பினேன். அவள் ரத்தம் என்று பயந்துபோனாள்.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். தைரியத்துக்காகக் காலையில் காப்பியைக் குடம் குடமாகக் குடித்துவிட்டு வந்திருந்தேன்.

செவெரினு வந்து எதிரே உட்கார்ந்தான். ஒட்டிப்போன முகம், மழிக்காத தாடி. பாயைப் பார்த்தே பேசினான். துணைப்படைக்குத் தண்ணீர் சுமந்தது, பெட்ரோல் டின் தூக்கியது, தொமாசியாவின் வீட்டுக்கும் என் கொட்டகைக்கும் தீ வைத்தது எல்லாவற்றையும் சொன்னான். தொமாசியா கேட்டாள், அழுதாள், அவன் தலையைத் தொட்டாள். ஊரே உச்சுக்கொட்டியது. அவளுக்கு இதெல்லாம் நன்றாக வரும்.

கடைசியில் அவன், "பென்விந்தா அத்தை வீட்டுலேர்ந்து ஒரு கோழியும் எடுத்தோம்" என்றான்.

"பென்விந்தா அம்மா, நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றாள் ஹெர்மினியா.

மவு லெட்டு என்னைப் பார்த்தார். நான் சத்தியத்தை நினைத்தேன், பல்லைக் கடித்தேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை என் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு கொத்தியது.

"கோழியா?" என்றேன். "என்னடா சொன்னே? கோழியா?"

"இல்லத்தை... சேவல்."

"சாதாரணச் சேவலா?"

"இல்லத்தை. மேஜர்."

"அப்ப மேஜர்னு சொல்லு! இந்தப் பக்கத்து மலையில அதை ஜெயிச்ச சேவல் உண்டா? கோழியாமில்ல, கோழி! சரி, மேஜரை என்னடா பண்ணீங்க?"

"தின்னுட்டாங்க அத்தை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு மண்டைக்கு மேல் ஏறியது.

"யார் தின்னது?"

"கமாண்டரும் அவங்க ஆளுங்களும்."

"உனக்கு?"

"எனக்குக் கால் மட்டும்தான் கொடுத்தாங்க."

"அதுக்குத்தான் ஊரைக் கொளுத்தினியாடா, ஒரு சேவல் காலுக்கு? எங்கே வெச்சுத் தின்னீங்க?"

"போர்ச்சுகீசியன் காலத்துக் காப்பிக் களம் இருக்கே அத்தை, அதுக்குப் பின்னால."

"வேகவெச்சா, சுட்டா?"

"அம்மா, இந்த விவரமெல்லாம் வேணுமா?" என்றாள் ஹெர்மினியா.

"என் சேவல். எனக்கு வேணும்."

"சுட்டாங்க அத்தை."

"அதோட காலுல சிவப்புக் கயிறு கட்டியிருந்துச்சே. என் தறியிலேர்ந்து உருவின நூலு. உனக்குக் கொடுத்த காலுல அது இருந்துச்சா?"

செவெரினு பாயின் ஓரத்தைப் பிய்த்தான்.

"கேக்கிறேன்ல? அந்தக் கயிறு எங்கேடா?"

"காலுல இல்லத்தை" என்றான். "அறுத்துட்டாங்க. மாமா கையில... மாமா விடவே இல்ல. சேவலை அறுத்தப்புறமும் கயித்தைக் கையில சுத்தியே வெச்சிருந்தாரு. அப்புறமும்..."

என் கையைப் பிடித்திருந்த பெண் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நான் மார்சாலின் பெயரைச் சொல்லவே இல்லை. ஆனால் அவர் வந்து பாயின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

ஹெர்மினியா பேனாவைக் கீழே வைத்தாள். "ஐயா, இதோட நிறுத்திக்கணும்" என்றாள் மவு லெட்டுவிடம். "செவெரினு இனி ஒரு வார்த்தை சொன்னா நான் பாயைச் சுருட்டச் சொல்ல வேண்டியிருக்கும்."

மவு லெட்டு நிதானமாகச் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டார்.

"அம்மா, இவ மனுஷனைப் பத்திக் கேக்கலையே. கயித்தைப் பத்தித்தானே கேட்டா? அது இவளோட நூலு. எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கணும்கிறது எங்க வழக்கம். உங்க சட்டத்துலயும் அப்படித்தானே போட்டிருக்கு?"

"ஐயா, அந்தக் கயிறு எங்கே இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும். போய் எடுத்துக் கொடுக்கட்டும்."

ஹெர்மினியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். காலையில் குடித்த காப்பி எனக்கு முட்டிக்கொண்டு நின்றது, பாயிலிருந்து எழவும் கூடாது. பிறகு செவெரினுவிடம் நேராகக் கேட்டாள்.

"நீங்க யாரையாவது கொன்னீங்களா?"

"இல்லம்மா. குழி வெட்டச் சொன்னாங்க. வெட்டினேன்."

"அப்ப உங்க விஷயம் பாயிலயே தீரலாம். ஆனா இதை நான் டிலிக்குச் சொல்லியே ஆகணும். அவங்க வந்து கேப்பாங்க. யார் கொன்னதுன்னு கேப்பாங்க. பேரோட சொல்லணும். சொல்வீங்களா?"

கமாண்டரின் ஆட்கள் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். பெயரைச் சொன்னவன் நிம்மதியாகத் தூங்க முடியாது. செவெரினு நிமிர்ந்து பார்த்தான். எங்களை இல்லை. வேலிக்கு அப்பால் நின்ற பாக்குமரங்களை. ஓடிப்போய் ஏறிக்கொள்ளப் போகிறான் என்றே நினைத்தேன். பாயில் உட்கார்ந்தவன் எழக் கூடாது என்பதால் அவன் எழவில்லை.

"சொல்றேன்" என்றான். "பேரோட சொல்றேன்."

அவன் வாயிலிருந்து பயம் இல்லாமல் வந்த முதல் வார்த்தை அதுதான். தரையில் உட்கார்ந்துகொண்டே சொன்னான்.

ஹெர்மினியா தன் காகிதத்தில் எழுதினதை உரக்கப் படித்தாள். தொமாசியாவுக்கு ஒரு வீட்டுக் கூரை, பென்விந்தாவுக்குக் கொட்டகைக் கூரை, ஒரு சேவல், ஒரு சிவப்புக் கயிறு.

"ஒத்துக்கிறீங்களா பென்விந்தா அம்மா? அவரை ஏத்துக்கிறீங்களா?"

"கயிறு வரட்டும். பாயைச் சுருட்டுங்க" என்றேன்.

அந்தக் கிழவி எவ்வளவு பெரிய மனசோடு பாயைச் சுருட்டச் சொன்னாள் என்று பாதிரியார் பிறகு பூசையில் பேசினார். பெரிய மனசும் இல்லை, சின்ன மனசும் இல்லை. சுருட்டின உடனே நான் வாழைத் தோப்புப் பக்கம் ஓடினதை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் செவெரினு முன்னால் நடக்க, நாங்கள் காப்பிக் களத்துக்குப் போனோம். களத்தின் பின்னால் ஒரு இளம் பாக்குக்கன்று நின்றது. அங்கே தானாக முளைக்க வாய்ப்பில்லை. குழியை மூடின அன்றே, யாரும் பார்க்காதபோது, மடியில் இருந்த ஒரு பாக்கை ஊன்றிவிட்டுப் போயிருக்கிறான். இடம் மறந்துவிடுமே என்று பயமாம். அந்த ஒரு பயம் எனக்குப் பிரயோஜனமாயிற்று.

டிலிக்காரர்கள் வரும்வரை மண்ணைத் தொடக் கூடாது என்று ஹெர்மினியா சொல்லியிருந்தாள். அவர்கள் வந்தார்கள், படம் பிடித்தார்கள், அவர்களே தோண்டினார்கள். நான் கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மார்சாலின் கை எலும்பில் சிவப்புக் கயிறு சுற்றினபடியே இருந்தது. நைலான், மக்கவில்லை. முடிச்சுக்கூட அவிழவில்லை.

"எடுத்துக்கிறீங்களா அத்தை?" என்று செவெரினு கேட்டான்.

சேவலுக்காக உயிரை விட்ட முட்டாள் மனுஷன். இவ்வளவு வருஷமாக அந்த வார்த்தையைத்தான் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போதும் திட்ட வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. முதல்முறையாக அந்தக் காகிதக் கைக்குட்டை உண்மையாகவே தேவைப்பட்டது. அன்றைக்குப் பார்த்து நீட்ட யாரும் இல்லை. கறுப்புத் துணியின் நுனியில் துடைத்துக்கொண்டேன்.

"வேணாம். அவர் பிடிச்சா விட மாட்டாரு" என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

கயிற்றோடுதான் புதைத்தோம். பூ வைத்தோம், விருந்து போட்டோம். கறுப்பைக் கழற்றி, சிவப்புப் பட்டை இல்லாத அந்தப் பழைய துணியை எடுத்துக் கட்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் பானைக்குள் கிடந்து கசங்கியிருந்தது.

"பாதி உரிச்ச பப்பாளி மாதிரி இருக்கே" என்றாள் தொமாசியா.

"மீதியை நீ முழுங்கிட்டே போல. பாத்தாலே தெரியுது" என்றேன்.

செவெரினு டிலிக்குப் போய்ப் பெயரோடு சொல்லிவிட்டு வந்தான். போகும்போது வாந்தி எடுத்தான், வரும்போதும் எடுத்தான். ஆனால் சொன்னான். கமாண்டரின் பெயரைக் கோர்ட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். அவனோ எல்லைக்கு அந்தப் பக்கம் நூடுல்ஸ் கடை வைத்து நன்றாக இருக்கிறானாம். அங்கே வரை விரிக்க எங்களிடம் அவ்வளவு நீளமான பாய் இல்லை. கோர்ட்டிடமும் இல்லை. அதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு எச்சில் கசக்கும்.

செவெரினு இரண்டு கூரையும் போட்டுக் கொடுத்தான். ஒரு சேவல் கொண்டுவந்தான். நோஞ்சான். அதற்குச் சிப்பாய் என்று பெயர் வைத்தேன், அதுவே அதிகம். சில மாதம் கழித்து ஹெர்மினியா எல்லாம் சரியாக நடந்ததா என்று பார்க்க வந்தாள்.

"கூரை?"

"ஒழுகல."

"சேவல்?"

"அதைச் சேவல்னு சொன்னா மேஜர் குழியிலேர்ந்து எழுந்து வந்துடும். ஆனா இவன் கொடுத்துட்டான்."

"கயிறு?"

வாசலில் குலை கட்டிக்கொண்டிருந்த செவெரினு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பழைய பயம் முகத்தில் எட்டிப் பார்த்தது.

"கயிறு இன்னும் வரல" என்றேன்.

ஹெர்மினியாவுக்குப் புரியவில்லை. "அம்மா, அதைக் கல்லறையில நீங்களேதான்..."

"உன் காகிதத்துல என்ன எழுதியிருக்கு? திருப்பித் தரணும்னு. என் கைக்கு வந்துச்சா? வரல. அது வர்ற வரைக்கும் இவன் வாரா வாரம் எனக்குப் பாக்கு பறிச்சுக் கொடுக்கணும். அப்படி எழுதிக்கோ. டே, எங்கேயும் ஓடிடாதே."

செவெரினு சிரித்தான். இவனுக்கும் பல் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு நார் வளையத்தைக் காலில் மாட்டிக்கொண்டு மரத்தில் ஏறினான்.

அவனை மன்னித்தாயா என்று பலபேர் கேட்கிறார்கள். தெரியவில்லை. மரத்தின் மேல் அவன் இருக்கும்போது கீழே நின்று, "பழுத்ததைப் பாத்து வெட்டுடா, கண்ணு என்ன பொட்டையா?" என்று கத்துகிறேன். அவன், "சரி அத்தை" என்கிறான். அவ்வளவுதான் எங்களுக்குள் நடக்கிறது.